சிவப்புப் பூ

வெள்ளவத்தை அம்மாள் கோயிலில், இதய ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதா என்று பூக்கட்டிப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை ஓயாமல் முந்தானையால் துடைத்தபடி நின்றார். அவருக்கும் அதே ஆபரேஷன்தானாம். அவர் எடுத்த பொட்டலத்தில் சிவப்புப் பூ இருந்தது.

"அப்ப செய்யமாட்டீங்களோ, தங்கச்சி?"

"செய்யத்தான் போறன், ஐயா. பிள்ளையளைக் கேட்டன், சாத்திரியைக் கேட்டன், இப்ப அம்மாளையும் கேட்டிட்டன். என்னைத்தான் நான் இன்னும் கேக்கேல்லை."

"பயமில்லையோ?"

"பயமில்லாமலோ கண்ணாடியை இத்தினை தரம் துடைக்கிறன்? ஆனாலும் வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகிறன்."

பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் வெளியேறினார். அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பூக்கட்டிப் பார்க்க வந்தது அது நான்காம் தடவை. முந்திய மூன்று தடவையும் வெள்ளைதான் வந்திருந்தது.