சீட்டில்லாத வாக்கியம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக் கூடத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கனமான இரும்புக் கதவு ஒன்று வரும். அதற்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் பதினோரு வருடமாக அவள்தான் எல்லாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளாகிறது. மேலே இருக்கும் டாக்டர்களில் தொடங்கிக் குப்பை லாரிக்காரர்கள் வரை எல்லாருக்கும் அவள் மீட்டரக்கா. கதிர்வீச்சை அளக்கிற சின்னப் பெட்டி ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். சலவைக் கூடத்தில் யாராவது தலையை நீட்டி, "அக்கா, என்னையும் கொஞ்சம் அளந்து பாருங்க, தலை சுடுது" என்பார்கள். அவளும் சளைக்காமல் மீட்டரை நெற்றிக்கு நேரே பிடித்து, "உள்ள ஒண்ணும் இல்லப்பா, காலியாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கும் தைராய்டு நோயாளிகளுக்கும் மேலே கதிரியக்க மருந்து கொடுப்பார்கள். அந்த ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் பைகளில் கட்டிக் கீழே வரும். உடனே குப்பையில் போட முடியாது, அதன் சூடு, அதாவது கதிர்வீச்சு, அடங்க வேண்டும். ஒரு மருந்து ஆறு மணி நேரத்தில் பாதியாகும், அதில் பாதி அடுத்த ஆறு மணி நேரத்தில் போகும். இன்னொன்றுக்குப் பாதியாகவே எட்டு நாள் ஆகும். இப்படிப் பத்துத் தடவை பாதியாகும் வரை பையை அலமாரியில் வைத்திருந்து, பிறகு மீட்டரில் அளந்து பார்த்து, மீட்டர் அமைதியாக இருந்தால்தான் லாரிக்குக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு தொங்க வேண்டும். என்ன மருந்து, என்ன தேதி, யார் கட்டினது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பை அவள் வாசலைத் தாண்டாது. ஒருமுறை பெரிய டாக்டரே கையில் பையோடு இறங்கி வந்து, "நான்தானே கொண்டு வந்திருக்கேன், அப்புறம் என்ன?" என்று கேட்டார். "நீங்கதான்னு சீட்டுல எழுதிட்டா தீர்ந்தது சார்" என்று பேனாவை நீட்டினாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவள் வாழ்க்கையில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. கதிரியக்கக் கழிவைக் கையாளுகிறவர்கள் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டுமாம். ஆங்கிலத்தில் முந்நூறு சொல்லில் ஒரு பத்தி தருவார்கள். அதை நூறு சொல்லுக்கு மிகாமல் ஆங்கிலத்திலேயே சுருக்கி எழுத வேண்டும். இருபதுக்குப் பன்னிரண்டு வாங்காதவர்களுக்குச் சலவைக் கூடத்தில் வேலை. சலவைக் கூடம் ஒன்றும் கேவலமான இடமில்லை. ஆனால் அந்த அறையின் அலமாரிகளை வரிசைப்படுத்தியது அவள், தேதிப்படி அடுக்குகிற முறையைக் கண்டுபிடித்தது அவள். அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க அவளுக்கு மனசில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், நாற்பத்தேழு வயதில் நோட்டும் கையுமாக மாலை வகுப்புக்குப் போனாள்.

வகுப்பு இரண்டாம் மாடியில், கூட்டம் நடத்துகிற அறையில். பதினான்கு பேர். டீச்சருக்கு மீட்டரக்காவின் வயதில் பாதிகூட இருக்காது. தேர்வுக்கு ஒரே பாடப்புத்தகம், அதில் ஆறு பாடம். நீர், காற்று, உப்பு என்று போய்க் கடைசிப் பாடம் ஐசோடோப்பு. அந்தத் தலைப்பைப் பார்த்ததும் மீட்டரக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுருண்டு போனார்கள்.

வீட்டில் கணவர்தான் அவளுக்குச் சோதனை எலி. பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"கேளுங்க. ஒரே தனிமம். பழக்கவழக்கம் எல்லாம் ஒண்ணு. எடை மட்டும் வேற வேற. அதுதான் ஐசோடோப்பு."

"நானும் என் தம்பியும்னு சொல்லு."

"உங்க தம்பிக்கும் உங்களுக்கும் எதுல ஒத்துப்போகுது? ஒழுங்கா கேளுங்க."

அவர் ஒழுங்காகத்தான் கேட்பார், ஐந்து நிமிடம். பிறகு குறட்டை வந்துவிடும். அப்படியும் அவள் முழுப் பத்தியையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

டீச்சர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, பத்தியில் இல்லாத எதையும் எழுதக் கூடாது. இரண்டு, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் முழித்தால் 'தி ரைட்டர் சேஸ்' என்று தொடங்குங்கள், எழுதினவர் சொல்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான், வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. வரிக்கு வரி ரைட்டர் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தார். மீட்டரக்கா மட்டும் அதைத் தொடவில்லை. நூறு சொல்லில் மூன்றை வீணாக்குவானேன் என்பது அவள் எண்ணம்.

ஐசோடோப்புப் பாடத்தின் கடைசிப் பத்தியில்தான் தகராறு வந்தது. பத்து அரை ஆயுள், அதாவது பத்துத் தடவை பாதியாகிற காலம், கழிந்தால் ஒன்றுமே மிஞ்சாது, சாதாரணக் குப்பையோடு போட்டுவிடலாம் என்று அதில் இருந்தது. மீட்டரக்கா தன் சுருக்கத்தில், மிகக் கொஞ்சம் மிஞ்சும், அளந்து பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

"அக்கா, இது பத்தியில இல்லையே."

"பத்தியில இருக்கறது சரியில்லையே டீச்சர். பத்துத் தடவை பாதியானாலும் ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கும். அளக்கணும்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே இவர்."

"சரியா தப்பான்னு உங்களை யாரும் கேக்கல. அவர் சொன்னதைச் சுருக்கித் தாங்க, அவ்வளவுதான்."

"அந்த மனுஷன் என் அறைக்கு ஒரு நாள் வந்து நின்னு பார்க்கட்டும்."

"அவர் வர மாட்டார். தேர்வுதான் வரும்" என்றார் டீச்சர். கோபமில்லாமல்தான் சொன்னார். மீட்டரக்காவுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, லாரிக்கு ஒன்பது பைகள் போக வேண்டியிருந்தது. ஒன்பதுக்கும் தேதி கழிந்துவிட்டது. வாசலில் லாரிக்காரர்கள் இரண்டு பேர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஏழாவது பையின் மேல் மீட்டரைக் கொண்டுபோனதும் அது படபடவென்று அடித்தது. வார்டில் யாரோ, பை கீழே வருவதற்கு முன்பே, சீட்டில் எழுதாமல் வேறொரு மருந்தின் கழிவை அதற்குள் திணித்திருக்கிறார்கள். சீட்டைப் பார்த்தால் எண்பது நாள் முடிந்த பை. உள்ளே இருந்ததோ இன்னும் பல மாதம் அடங்காத சரக்கு.

லாரிக்காரர்களில் வயதானவர் பைகளை எப்போதும் தோளில் போட்டுக்கொண்டுதான் போவார், கழுத்தோடு ஒட்டி. மீட்டரக்கா அந்தத் தோளைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து உள் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து, "நல்லவேளை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பத்தி படிக்கவில்லை. "இன்னைக்கு ஏன் ஒண்ணும் படிக்கல?" என்றார் கணவர். "அந்தப் பெரியவரு தோள்ல போட்டிருப்பாருங்க" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

தேர்வு அன்று தாளைத் திருப்பினால் ஐசோடோப்பு. மற்ற பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பார்கள். அவளோ கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வரி. ஒன்றுமே மிஞ்சாது, குப்பையோடு போடலாம்.

முதலில் பாடத்தில் சொன்னபடியே எல்லாவற்றையும் எழுதினாள். ஒரே தனிமம், ஒரே குணம், வேறு எடை. சில நிலையானவை, சில சிதைபவை. பழைய மரத்தின் வயதை அறிய ஓர் உதாரணம். அரை ஆயுள். அந்தக் கடைசி வரியையும் எழுதினாள். எண்ணிப் பார்த்தாள், சரியாக நூறு. கால் மணி நேரம் பாக்கி இருந்தது. பேனாவை மூடி வைத்தாள். மூடிய பேனா மூடியபடியே இருக்கவில்லை.

தன் கையெழுத்தில், தன் பெயர் போட்ட தாளில் அந்த வரி உட்கார்ந்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. மாற்றி எழுதினால் பத்தியில் இல்லாததை எழுதினதாகும். அறை கைவிட்டுப் போகும். எழுதாமல் விடலாம். ஆனால் தெரிந்தே மறைக்கிற மாதிரி இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, பழைய மரத்தின் உதாரணத்தை ஒரே கோட்டில் அடித்தாள். கடைசி வரிக்கு முன்னால் மூன்று சொற்களைச் சேர்த்தாள்.

பதின்மூன்று மதிப்பெண். அறை அவளுக்கே.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு டீச்சரே கீழே வந்தார். மீட்டரக்கா அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, கைப்பை, செருப்பு எல்லாவற்றின் மேலும் மீட்டரைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

"மர உதாரணத்தை அடிச்சிட்டீங்க, அதுக்கு ரெண்டு மார்க் போச்சு" என்றார் டீச்சர். "வகுப்புல ஒரு நாள்கூட 'தி ரைட்டர் சேஸ்' எழுதாதவங்க, இந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டிருக்கீங்க. பிடிக்கலன்னா அந்த வரியையே விட்டிருக்கலாமே?"

மீட்டரக்கா உள் அலமாரியைத் திறந்து அந்த ஏழாவது பையைக் காட்டினாள். அதில் இப்போது இரண்டு சீட்டு தொங்கியது. பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியதில், திணித்தது யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்து எழுதியிருந்தது.

"வெளிய தூக்கிப் போடவும் முடியாது, என்னோடதுன்னு வச்சுக்கவும் முடியாது டீச்சர்" என்றாள். "யார் கட்டினதுன்னு எழுதிட்டு வைக்கலாம்."

டீச்சர் விடைத்தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் பாடப்புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திறந்து, அந்த வரியின் ஓரத்தில் எழுதினார்: அளந்து பார்க்கவும். எழுதிவிட்டு மூடப் போனவரை மீட்டரக்கா விடவில்லை.

"உங்க பேரையும் எழுதுங்க. இன்னைக்குத் தேதியும்."