பிள்ளையாருக்கும் பாருக்கும் நடுவே

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி காம்பவுண்டே தண்ணீரில் மிதப்பது போல எனக்கு ஞாபகம். பாதாம் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் கற்பூரப் புகை மேலே போக மனசில்லாமல் தரையோடு தவழ்ந்தது. கலால் ஆபீசிலிருந்து வந்தவர் அளவு டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நின்றபடியே அரைத் தூக்கம். ஒரு வாரமாகத் தூங்கினால்தானே!

விஷயம் இதுதான். தெற்குச் சந்துக்கு அந்தப் பக்கம் இட்லி, வடை போட்டுக்கொண்டிருந்த ஓட்டலைப் புதிதாக ஒருவர் வாங்கி, பார் நடத்த லைசென்ஸ் கேட்டிருந்தார். கோயிலிலிருந்து எழுபத்தைந்து மீட்டருக்குள் பார் கூடாது என்பது சட்டம். எங்கள் பிள்ளையார் முறையாகப் பதிவானவர், காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பவர். அதனால் சொசைட்டியில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்குத்தான் நிம்மதியில்லை. என் கணவர் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த ஓட்டல்தான். அது பாரானால் இவர் மறுபடியும்... அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

டேப்பின் நுனியை என் கணவர் கோயில் வாசலில் அழுத்திப் பிடித்தார். நான் குடை பிடித்தேன். அது நேராகத் தெற்கே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட் எங்கே மேடம்?" என்றார் அதிகாரி ஹிந்தியில்.

"இதோ, இந்தச் சுவர் இருக்கிற இடத்துலதான் இருந்தது."

"இருந்ததை அளக்க முடியாது. மனுஷன் நடக்கிற வழியை அளக்கணும், காக்கா பறக்கிற வழியை இல்லை."

அந்தச் சுவரை எழுப்ப வைத்தவளே நான்தான்! இவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் மாட்டுங்காவில் ஒரு வாஸ்துக்காரர், "தெக்கு கேட் வழியாத்தான் குடி உள்ள வரது. அடைச்சுடுங்கோ" என்றார். சொசைட்டி மீட்டிங்கில் அழுது, சண்டை போட்டு, வீடு வீடாகக் கெஞ்சி அடைக்க வைத்தேன். காரணம் கேட்டவர்களிடம் திருட்டு பயம் என்று புளுகினேன். என்ன சாமர்த்தியம்! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான்.

மஞ்சள் டேப் கிழக்கு கேட்டுக்குப் போய், ரோட்டில் திரும்பி, சந்துக்குள் நுழைந்தது. தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது, அதன் மேல் நடந்தோம். சத்தமே இல்லாத மாதிரி இருந்தது. 'பிள்ளையாரப்பா, எழுந்து நாலடி நகர்ந்து உட்காரேன்' என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் எங்கே நகர்வார்!

எண்பத்தொன்பது மீட்டர். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேன்" என்றேன் இவரிடம். "ஃப்ளாட்டை வித்துட்டுத் தாணே பக்கம் போயிடலாமே."

"ஏன், தாணேல பாரே கெடையாதா?" கையில் ஒட்டிய சேற்றை அவர் மெதுவாகத் துடைத்துக்கொண்டார். "ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு வர வழியில ஆறு பார் இருக்கு. ரெண்டு வருஷமா தெனம் அத்தனையும் தாண்டித்தான் வரேன். அதை நீ ஒரு நாள் கூட நெனச்சுப் பாக்கலியே."

நினைக்கவில்லைதான். அந்த இரண்டு வருஷமும் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் நான் செய்த முதல் காரியம், காபி கொடுக்கிற சாக்கில் குனிந்து அவர் மூச்சை மோந்து பார்ப்பது. அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் காபியை மேஜையில் வைத்துவிட்டு, வெட்கத்தோடு தள்ளி நின்றேன்.

"கிட்ட வந்தே குடுடி" என்றார். "எனக்குப் பழகிடுத்து."