கிணற்றுக்குக் கடைசி இடம்

நாகபூஷணம் சொன்னதைப் பாதியில் வெட்டி, அவன் கடைசி இடம் கொடுத்த ஹெட்போனை முதல் இடம் என்று சொல்லி விற்றார்கள். அவன் உயிரோடு இருந்தபோது விற்றார்கள். இப்போது அவன் முகத்துக்கு மாலை போட்டு, அதே பொய்யை வைத்து விற்கிறார்கள். பொதட்டூர்பேட்டையில் அவனைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவன் நல்ல குணங்களை நான் அடுக்குவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அவன் போன செய்தியே எனக்கு அந்தப் பொய்யோடுதான் வந்தது. திருத்தணியில் என் வீட்டில் எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருப்பவர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். நாகபூஷணத்தின் முகம், சுற்றிலும் பூ, கீழே ஒரு விளக்கு, கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து. பூவுக்கு நடுவில் இருந்த முகம் வாயைத் திறந்து, "இதுதான் முதல்" என்றது. முடிந்தவுடன் தானாகவே மறுபடி தொடங்கியது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த பிறகும் அவன் குரல் மேஜைப் பலகைக்கு அடியிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் மகன் கூப்பிட்டான். "மாமா, நைனா போயிட்டாருங்க. தறிய ஓட உட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்தாரு. ஊடை தீந்து தறி வெறுமனே அடிச்சிகினு இருந்துது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் போய்ப் பாத்தேன்." அவன் அடுத்த தறியில் நின்றிருந்தான். ஒரு காதைத் திறந்து வைத்திருந்ததால் கேட்டான். இதை நினைவில் வையுங்கள்.

நாகபூஷணம் எனக்கு மச்சான் முறை. எங்கள் பக்கத்தில் பாவா என்போம். அவனும் என்னைப் பாவா என்பான், நானும் அவனைப் பாவா என்பேன். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். யாரிடமும் படித்தவன் அல்ல. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அவன் விசைத்தறிக்காரன். அவன் கொட்டகை மோட்டார்களைச் சரிபார்க்கப் போகத் தொடங்கியதுதான் பழக்கம். பிறகு மோட்டார் நன்றாக ஓடினாலும் போனேன். காரணம் ஹெட்போன்.

தறிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசைத்தறி ஓடும் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவன் பேசினால் கேட்காது, கத்த வேண்டும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்பவர்கள் பாட்டுக் கேட்க ஹெட்போன் போட்டார்கள். ஆனால் ஒரு காதில்தான் போடுவார்கள். இன்னொரு காது தறிக்கு. நூல் அறுந்தால், பெல்ட் தளர்ந்தால், தறி முதலில் சத்தத்தில்தான் சொல்லும். ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் இரும்பு. அது தடம் மாறிப் பறப்பதற்கு முன் அடிக்கிற சத்தம் மாறும். பழகியவன் அதைக் கேட்டதும் ஒதுங்குவான். அவன் கவனிக்காவிட்டால் பக்கத்துத் தறிக்காரன் கத்துவான். ஒரு காதைத் தறிக்கு விடுவது என்பது யாரும் எழுதி ஒட்டாத சட்டம்.

நாங்கள் இருவரும் வாங்கிய, இரவல் கேட்ட, ரிப்பேருக்கு வந்த ஹெட்போன்களையெல்லாம் போட்டுப் பார்த்து வரிசைப்படுத்துவோம். கம்பெனிப் பெயர்கள் அவன் வாயில் நுழையாது. அவனே பெயர் வைப்பான். ஜப்பான்காரன், ஜெர்மன்காரன், டெல்லிக்காரன், வயர்காரன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரத்தில் படிக்கட்டு ஓரம் தரையில் துணி விரித்து விற்றவனிடம் வாங்கிய, பெயரே இல்லாத ஒன்றுக்குப் பெயர் படிக்கட்டு.

டெல்லிக்காரனைப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: "இவன் தவிலை மட்டும் கூட்டிகினு வந்துட்டான் பாவா. நாதஸ்வரத்தை ஊர்லியே உட்டுட்டான்." ஜெர்மன்காரனைப் பற்றி: "காதுக்கு நல்லவன், கழுத்துக்குக் கெட்டவன்." வயர் வைத்ததை எடுத்த எடுப்பிலேயே கீழே தள்ளிவிடுவான். ஓடும் தறியின் பக்கத்தில் வயர் தொங்கக் கூடாது. எனக்கு என்றும் முதல் ஜப்பான்காரன். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கூட அதில் கேட்கும். அதற்கு அவன், "உன் ஜப்பான்காரன் புது மாப்பிள்ளை மாதிரி. அவன் வந்து உக்காந்தா வீட்ல வேற யாரும் பேசக் கூடாது" என்றான். அவனுடைய முதல் இடம் படிக்கட்டுக்கு. தகர டப்பாவில் பாடுவது போல இருக்கும். "தகர டப்பாவுக்கா முதல் இடம்?" என்றேன். "ஆங். பாட்டும் கேக்குது, நீ திட்டறதும் கேக்குது" என்றான். இந்த விஷயத்தில் நான் அவனுக்குக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவன். அவன் தறி முன்னால் நின்று கேட்கிறவன்.

அவனுக்கு ஒரு சோதனை இருந்தது. புதிய ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு, ஓடும் தறியைப் பார்த்து நிற்பான். நான் பின்னால் நின்று, கொட்டகையில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரலில் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். திரும்பினால் அந்த ஹெட்போன் வரிசையில் மேலே போகும். திரும்பாவிட்டால் இறங்கும். "ரெண்டு காதுலயும் போட்டு நிக்கிறவன் கூட திரும்பணும் பாவா. மறதியில போட்டுக்குவான் இல்ல, அவனுக்காகச் சொல்றேன்."

வெளிச்சத்தத்தைத் தின்றுவிடுகிற வகை ஒன்று வந்தது. கறுப்பு, பெரிய மெத்தை. மொபைல் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். நாகபூஷணம் அதைப் போட்டுக்கொண்டு தறி முன் நின்றான். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய்க் கத்தினேன். திரும்பவில்லை. அவன் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு மனிதன் முதுகைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டதுபோல் அதிர்ந்து திரும்பினான்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"கூப்ட்டுகினேதான் நிக்கிறேன்."

அவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். "கெணத்துல எறங்கினா மாதிரி இருக்குது பாவா. மேல என்ன நடக்குதுன்னே தெரியல. நல்லாருக்குது. அதான் பயமா இருக்குது." அன்றிலிருந்து அதற்குப் பெயர் கிணறு.

அவன் வரிசைக்கு டீக்கடைகளில் மதிப்பு இருந்தது. கடைக்காரருக்கு அது தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றிருந்தபோது போனை நீட்டி, பேசுங்கள் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாகபூஷணம் கிணற்றைத் தூக்கிப் பிடித்துச் சொன்னது இது: "வீட்ல சத்தமில்லாம பாட்டு கேக்கணும்னா இதுதான் முதல். தறிகிட்ட நிக்கிறவன் இதைத் தொடவே கூடாது. என் வரிசையில இதுக்குக் கடைசி எடம்." ஊருக்கு வந்து சேர்ந்த வீடியோவில் இருந்தது இது: "இதுதான் முதல்."

கொட்டகை கொட்டகையாகக் கிணறு இறங்கியது. நாகபூஷணமே சொல்லிவிட்டான் என்று வாங்கினார்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்தால் மெத்தை நழுவும். அதனால் இரண்டு காதையும் மூடினார்கள். சத்தம் போன சுகத்தில் பழைய சட்டம் மறந்தது.

அவன் தெருவிலேயே இன்னொரு கொட்டகையில் ஈஸ்வரி என்ற பெண் தறி ஓட்டினாள். நாடா பறந்தது. பக்கத்துத் தறிக்காரன் கத்தினான். அவள் நல்ல தறிக்காரி, சத்தம் மாறியதைக் கேட்டிருந்தால் ஒதுங்கியிருப்பாள். கேட்கவில்லை. இடது கண் போய்விட்டது.

நாகபூஷணம் அவளைப் பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போனான். கட்டோடு உட்கார்ந்திருந்தாள். வயதில் பெரியவன் என்று அவளும் அவனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். கோபமே இல்லாமல் பேசினாள். "நீங்க முதல்னு சொன்னீங்களே நைனா, அதான் வாங்கினேன். நல்லாத்தான் இருந்துது." நடந்ததை நான் விளக்கத் தொடங்கினேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். வெளியே வந்ததும், "கண்ணு போனவகிட்ட நான் நல்லவன்னு சாட்சி சொல்றியா?" என்றான்.

மறுநாளிலிருந்து அவன் கொட்டகைகளுக்குள் போகத் தொடங்கினான். தறி ஓட்டுகிறவர்கள் தலையிலிருந்து கிணற்றைக் கழற்றினான். சிலர் சிரித்தார்கள். ஒருவன் அவன் கையைத் தட்டிவிட்டு, "வீடியோல ஒண்ணு சொல்ற, நேர்ல ஒண்ணு சொல்ற. கமிஷன் கம்மியா குடுத்துட்டானா?" என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கமிஷன் என்ற அந்த வார்த்தைக்குப் பிறகு நாகபூஷணம் டீக்கடைக்கு வரவில்லை. படிக்கட்டைக்கூடக் காதில் வைக்கவில்லை. நான் புதிதாக ஒன்றைக் கொண்டுபோனால், "நீயே போட்டுப் பாத்துச் சொல்லு பாவா. என் வாயால இனிமே எதுக்கும் எடம் கெடையாது" என்பான்.

நான் கடைக்குப் போனேன். முழு வீடியோவையும் போடச் சொன்னேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பெரியவரே, முழுசும் போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. நான் அவர் சொல்லாத ஒரு வார்த்தையும் சேக்கலீங்க."

"சேக்கல. எடுத்த."

"வாங்கறவங்க எங்க போடறாங்கன்னு நான் போய்ப் பாக்க முடியுங்களா?"

"முழுசும் உங்கிட்ட இருக்குதா இல்லியா?"

"இருக்குதுங்க. பாப்போம்."

அந்தப் பாப்போம் இன்னும் முடியவில்லை. அதற்குள் நாகபூஷணம் போய்விட்டான். அடக்கம் முடிந்து கை கால் கழுவுவதற்குள் பூ வைத்த வீடியோ ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று மாலை அவன் தெரு வழியாக நடந்து வந்தேன். சாவு வீட்டுக்காக ஒரு நாள்கூட நிற்காமல் கொட்டகைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஜன்னலில் நின்று பார்த்தேன். வரிசையாக முதுகுகள். ஒவ்வொரு தலையிலும் கறுப்பு மெத்தை, இரண்டு காதிலும். கூப்பிட்டேன். கம்பியைத் தட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு தறியின் அடி சற்றுப் பிசகியிருந்தது. மோட்டார்க்காரனான எனக்கே அது கேட்டது. அதன் முன்னால் நின்றவன் தலையை மெதுவாக ஆட்டிப் பாட்டை ரசித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். எல்லா முதுகுகளும் ஒன்றாகத் திரும்பின. கிழவனுக்குப் பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். எல்லாக் கொட்டகை ஜன்னலிலும் நான் நிற்க முடியாது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கடைக்காரர் பூ வைத்த வீடியோவை எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. பொய் போன அத்தனை பேருக்கும் முழு வீடியோ போக வேண்டும். கடைசி எடம் என்று அவன் சொல்வது அவன் வாயாலேயே கேட்க வேண்டும். அதைச் செய்த பிறகு அவர் ஈஸ்வரி வீட்டுக்குப் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். என்ன பேசுவது என்பதை அங்கே போய் யோசித்துக்கொள்ளட்டும்.

தறி முதலாளிகள் கொட்டகை வாசலிலேயே கிணறுகளைக் கழற்றி வாங்கி வைக்க வேண்டும். வேலை முடிந்து போகும்போது திருப்பிக் கொடுக்கட்டும். வீட்டில் போட்டுக்கொள்ளத் தடை இல்லை. வீட்டுக்கு அது முதல் என்று நாகபூஷணமே சொல்லியிருக்கிறான். கமிஷன் என்று சொன்னவன் யார் என்பது சொன்னவனுக்கும் எனக்கும் தெரியும். அவன் அதே கொட்டகையில், அதே ஆட்கள் முன்னால், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஈஸ்வரி செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

அவன் மகன் என்னிடம் படிக்கட்டைக் கொடுத்துவிட்டான். ஒரு பக்கத்து மெத்தையை நாகபூஷணம் எப்போதோ பிடுங்கிப் போட்டிருக்கிறான். என் வரிசையில் அதற்கு இன்னும் மேலே இடம் இல்லை. ஆனால் என்னிடம்தான் இருக்கும். அதைவிட முக்கியமாக அவனுடைய சோதனை என்னிடம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவன் இனி நான். ஒவ்வொரு கொட்டகையாக வருவேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, கொட்டகைக் குரலில், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

திரும்ப வேண்டியது நீங்கள்.