அரை மூடி எலுமிச்சை

கீரைக்காக யாராவது வயிறெரிவார்களா? நான் எரிந்தேன். கீரை எனக்கும் உண்டு. அதன்மேல் பிழிகிற அரை மூடி எலுமிச்சம்பழம்தான் எனக்குக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், சித்தி இறந்துபோன வருடம், அவள் மகளை அம்மா ஆம்பூருக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். என்னைவிட ஒரு வயது சிறியவள். வந்தவள் பேசவில்லை, அழவுமில்லை. கூப்பிட்டால் வருவாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். அம்மாவைப் பெரியம்மா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்தாள். ரத்தம் ரொம்பக் கம்மி என்றார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் முருங்கைக்கீரை.

கீரையை இறக்கி, அவள் தட்டில் வைத்த பிறகுதான் அம்மா எலுமிச்சை பிழிவாள். "கீரையில இரும்புச்சத்து இருக்குது. ஆனா சும்மா சாப்ட்டா உடம்புல ஒட்டாது. இந்தப் புளிப்பு சேந்தாதான் ஒட்டும்" என்று விளக்கம் வேறு. எனக்கும் பிழியச் சொன்னால், "உனக்குத்தான் எல்லாம் ஒட்டுதே, கன்னத்தைப் பாரு" என்று தள்ளிவிடுவாள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து ஒட்டாமல் போய்விடும் என்று அவளுக்கு டீயையும் நிறுத்தினாள். எனக்கு டீ தாராளம். அவளுக்கு அக்கறை, எனக்கு டீ. நல்ல நியாயம்தான்.

அதைவிடக் கொடுமை காலையில் நடக்கும். டியூட்டிக்குக் கிளம்பும் முன் அம்மா அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்ளே சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் முகம். எனக்குச் சேர வேண்டிய விரல் அது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது அப்பாவின் வேலைதான். ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற இடத்தில் இருந்தார். சட்டையில் எப்போதும் சொல்யூஷன் பசை வாசனை அடிக்கும். எலுமிச்சையும் ஒருவகை சொல்யூஷன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கும் ஒட்டாமல் போனால் எனக்கும் பிழிந்துதானே ஆக வேண்டும்? சாப்பாடு முடிந்ததும் என் டீ, அப்பா மீதி வைத்த டீ என்று ஒன்று விடாமல் குடித்தேன். கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பார்த்தால் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பு. பாழாய்ப்போன இரும்பு என்னை விடுவதாக இல்லை.

ஒரு சாயங்காலம் அம்மா சமையலறையில் அப்பாவிடம் அழுதுகொண்டிருந்தாள். "இன்னும் ஒட்டவே இல்லைங்க. நான் இன்னாதான் பண்றது?" எலுமிச்சை தோற்றுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. அப்பா தன் தொழில் பேச்சையே எடுத்துவிட்டார். "ஒரு பக்கம் மட்டும் தடவினா எப்படி ஒட்டும்? ரெண்டு பக்கமும் தடவணும். அப்புறம் கொஞ்சம் காய வுடணும். அவசரப்பட்டா பிச்சிக்கும்." கீரைக்கு ஏது இரண்டு பக்கம் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, அவள் இமையை அம்மா பார்த்து முடித்ததும் நான் போய் நின்று என் இமையை நானே இழுத்துக் காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா செருப்பை மாட்டப் போய்விட்டாள். நான் இமையை விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலியும்தான், ஆத்திரமும்தான்.

அப்போது அவள் வந்து என் எதிரில் நின்றாள். என் கையை விலக்கிவிட்டு, தன் கட்டைவிரலை வைத்து, அம்மாவைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அக்காவுக்கு ரொம்ப கம்மியா இருக்குது, பெரியம்மா."

எங்கள் வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு. அதுவும் பச்சைப் பொய்.

அம்மா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். அந்த பஸ் போய்விட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் பழத்தின் இரண்டு மூடிகளும் வந்தன. என் தட்டில் அவளே பிழிந்தாள், விதைகூட விழுந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "ஒட்டிக்கிச்சுங்க" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு இத்தனை நாளாக ஒட்டாதது, எனக்கு ஒரே வேளையில் ஒட்டிவிட்டதே! ஒட்டிவிட்டது என்று நாளைக்கே எனக்கு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டேன். அவள் தன் தட்டை நகர்த்தி என் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். என் கீரையைத்தான் குறி வைக்கிறாள் என்று நினைத்து, கையால் மறைத்துக்கொண்டேன்.