தள்ளுவண்டி இல்லாமல் நான்கு நிமிடம்

நடக்க முடியாதவர்களின் விண்ணப்பத்துக்கு ஆறு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது, என் மகள் வசிக்கும் இந்தக் கனடா நகரத்து மருத்துவமனையின் கையேடு. நான்காம் பக்கம். அதுவரை படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதில் வராமல் எனக்கு ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

விந்தை என்னவென்றால், இங்குள்ள அங்காடிக்குள் நான் நன்றாக நடப்பேன். தள்ளுவண்டியின் கைப்பிடிமேல் குனிந்து சாய்ந்துகொண்டால், அரிசி மூட்டையிலிருந்து ஐஸ்கிரீம் வரை அரை மணி நேரம். வண்டியை விட்டு நிமிர்ந்தால் நான்கே நிமிடத்தில் இரண்டு கால்களும் மரத்துக் கனத்துவிடும். முதுகுத்தண்டுக்குள் நரம்புகள் போகும் வழி வயதாக ஆகக் குறுகிவிடுகிறது. குனிந்தால் சற்று விரிகிறது, நிமிர்ந்தால் நெரிக்கிறது என்று குடும்ப மருத்துவர் படம் வரைந்து காட்டினார். ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். உடற்பயிற்சியும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். நடை இன்னும் சுருங்கவே, அறுவை சிகிச்சை நிபுணருக்கு எழுதினார்.

அந்த விண்ணப்பம் போய்ச் சில நாளில், மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேள்விகளைப் படித்தாள். நிற்காமல் எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? அரை மணி என்றேன். துணைக்கருவி உண்டா? பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி. தள்ளுவண்டி இல்லை. கல்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கண்காணிப்பாளராக இருந்தவன், பட்டியலில் இல்லாததைச் சொல்வேனா? "எதுவும் இல்லை." "அருமை," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாலை புதுப்பட்டினத்திலிருந்து ஏழுமலை கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஃபைல் வண்டி தள்ளிய அட்டெண்டர். மாதம் ஒருமுறை என்னைத் தேடிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். நடந்ததைச் சொன்னேன்.

"வண்டிய புட்ச்சிகினா கால் வருது, வுட்டா வரமாட்டேங்குது. அதான சார்?"

"உனக்கு எப்படித் தெரியும் ஏழுமலை?"

"இன்னா சார் இப்டி கேட்டுகினு. எனக்கும் அப்ப அதான இருந்திச்சி. ஒக்காந்து பாக்குற வேல கேட்டு எழுதிக் குட்த்தேன், நீங்கதான் திருப்பி அனுப்ச்சீங்க."

நினைவு வந்தது. வண்டிமேல் கவிழ்ந்தபடியே தாழ்வாரம் முழுக்கப் போய்வருவார். சோம்பல் என்று நினைத்தோம். 'மனுதாரர் நாள் முழுவதும் சிரமமின்றி நடப்பதை நேரில் கண்டேன். நிராகரிக்கலாம்.' கீழே என் கையெழுத்து. அதன்பின் இரண்டு வருடம் அந்த வண்டியைத் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

"அப்பவே என்கிட்ட விவரமாச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ரூல் இன்னா சொல்லுதுன்னு கேட்டீங்க." சிரித்தார். "வுடு சார். அந்தம்மாவுக்கு வண்டி இல்லாம எத்தினி நிமிசம்னு எழுதிப் போடு, மொதல்ல."

அன்றே இரண்டு கடிதங்கள் எழுதினேன். மருத்துவமனைக்கு: வண்டியுடன் அரை மணி, வண்டி இல்லாமல் நான்கு நிமிடம். ஏழுமலைக்கு, பதிவுத் தபாலில்: அன்று நான் எழுதிய குறிப்பு தவறு, மன்னிக்க வேண்டும்.

மருத்துவமனை ஒன்பதாம் நாளே நிபுணரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தது. ஏழுமலையிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்த மாதம் அவர் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் இல்லை.

பிறகு ஒரு காலை, அங்காடியில் வண்டிமேல் சாய்ந்திருந்தபோது கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. மாமல்லபுரம் கடற்கரை, எள் போட்டால் எள் விழாத கூட்டம். நடுவே ஏழுமலை, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தார். "லெட்டர் வந்திச்சி சார். எம் பொண்ணு ரெண்டு தபா படிச்சிக் காட்டிச்சி. பதிலுக்கு இன்னா எழுதறதுன்னு தெர்ல. அதான் நடந்து காட்றேன். ஆபரேசன முடிச்சிகினு வா, ரெண்டு பேரும் இங்க நடக்கலாம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியைப் பிடித்த கை கனடாவில் இருந்தது. கால்கள் அந்த மணலைத் தேடின. பதில் கிடைத்த தேதி: தை மூன்று, காணும் பொங்கல்.