பால் நேரத்துக்கு முன்னால் ஒரு பந்தயம்

அருணகிரி ஊரைவிட்டுப் போனது ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள்தான் ஊர்த் திருவிழாக் குதிரை வண்டிப் பந்தயத்தில், பெரிய குதிரைப் பிரிவில், அவனுடைய சிட்டு முதலாவதாக வந்திருந்தது. ஜெயித்தவன் யாராவது மறுநாளே ஊரைவிட்டுப் போவானா என்று கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ஏன் போனான் என்று புரிந்தவள் அவன் அக்கா சந்திரகலா ஒருத்திதான்.

சந்திரகலா ஊர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள். காலையும் மாலையும் பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டிகிரி பார்த்து, டேங்கர் வருவதற்குள் கேன்களை நிரப்பி வைக்க வேண்டும். அன்று காலைப் பால் முடிகிற நேரம். எதிரே மினி லாரியில் பலகை சாய்த்து, சிட்டுவின் கண்ணைத் துண்டால் மூடி, அவன் அதை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சாப்டுட்டாவது போடா."

"பசிக்கல."

"கப்பு எடுத்துக்கலயா?"

"நீயே வெச்சிக்கோ. பால் அளக்க ஆவும்."

லாரி போய்விட்டது. ரோட்டில் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது. அதையும் யாரோ வீட்டு மாடு வந்து தின்றுவிட்டுப் போனது.

அவன் அப்படிப் பேசியதற்குக் காரணம் உண்டு. பந்தயத்தை மதியம் இரண்டு மணிக்கு என்று நோட்டீஸில் போடுவார்கள். கொடி அசைக்க வரவேண்டிய கட்சித் தலைவர் நான்கு கல்யாணம் பார்த்துவிட்டு வந்து சேர மூன்றரை ஆகும். முதலில் இதுவரை ஓடாத புதுக் குதிரை, அப்புறம் சின்னக் குதிரை, நடுக் குதிரை, கடைசியில்தான் மரியாதையாகப் பெரிய குதிரை. அதற்குள் மாடு கறக்கிற நேரம் வந்துவிடும். ரோட்டோரம் நின்ற சனம் ஒவ்வொன்றாகக் கழன்று வீட்டுக்குப் போய், கறந்து, பால் தூக்கோடு சந்திரகலாவின் வரிசையில் வந்து நிற்கும். அன்று சிட்டு வந்து முடித்தபோது கோயில் எதிரே இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகளும் இரண்டு ஆடுகளும்தான். "சிட்டு வருது, சிட்டு வருது" என்று மைக் மட்டும் நாற்காலிகளைப் பார்த்துக் கத்தியது. சொசைட்டிக்குள் சந்திரகலாவுக்கும் கேட்டது. அவள் கையில் ஆராயியின் பால் இருந்தது. ஆராயி நான்கு மாடு வைத்திருக்கிறவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

நுரை தள்ளிய குதிரையைப் பிடித்துக்கொண்டு அருணகிரி சொசைட்டி வாசலுக்கே வந்துவிட்டான். வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஜெயிச்சிட்டியாமே?" என்றாள் ஆராயி.

அவன் அக்காவைப் பார்த்து, "யாரு பாக்கறதுக்குக்கா நான் ஓட்னேன்?" என்றான்.

"அவன்கிட்ட அப்புறம் பேசுடி, மொதல்ல டிகிரிய பாரு. வீட்ல கன்னுகுட்டி கத்துது" என்றாள் ஆராயி. வரிசையில் யாரோ சிரித்தார்கள். சந்திரகலா தலை நிமிராமல் டிகிரி பார்த்தாள்.

அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தியூர்ச் சந்தையில் சிட்டுவைக் குட்டியாக வாங்கி அவன் கொண்டுவந்தபோது, அது இத்தனை உயரம் வளரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர். வீட்டில் எந்நேரமும் கொள்ளு வேகிற வாசனை. குதிரைக்குப் போக மிஞ்சியது ரசமாகும், சுண்டலாகும். "குதிரை நம்மள வளக்குதா, நாம குதிரைய வளக்கறமா?" என்று கேட்டுக்கொண்டே அவளும் தின்பாள். விடிகாலையில் ஏரிக்கரைமேல் குளம்புச் சத்தம் கேட்கும். அது போகும்போது வரிசை ஆரம்பிக்கும், திரும்பி வரும்போது வரிசை முடிந்திருக்கும். சொசைட்டிச் சுவரில் கடிகாரம் இருந்தும் அவள் அதைப் பார்த்ததே கிடையாது. அவன் போன பிறகுதான் அது மெதுவாக ஓடுகிறது என்பதே அவளுக்குத் தெரிந்தது.

மாமல்லபுரம் கடற்கரையில் சிட்டுமேல் பிள்ளைகளை ஏற்றி நடத்துகிறான் என்று ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார். ஓட வேண்டிய குதிரை நடக்கிறதா என்று அவரிடமே இரண்டு தடவை கேட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. ஊர் ரோட்டில் சனம் நின்றால் அவன் வருவான், அதற்கு வேறு வழி இல்லை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. டேங்கரைப் பந்தயத்தன்று மட்டும் தாமதமாக வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். பால் கெட்டுவிடும் என்றார்கள். பாலை நகர்த்த முடியாவிட்டால் பந்தயத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

விழாக் குழுத் தலைவர் கண்ணாயிரத்தின் ரைஸ் மில்லுக்குப் போனாள்.

"மாமா, ரேஸ காலைல ஒம்போது மணிக்கு வெச்சிக்கங்க. பெரிய குதிரைய மொதல்ல வுடுங்க."

"பெரிய குதிரைய மொதல்ல வுட்டா அப்புறம் எவம்மா நிப்பான்? தாலி கட்டினதும் பந்தியத் தேடிப் போற மாதிரி போய்டுவான்."

"இப்ப தாலி கட்றதுக்கு முன்னாடியே போய்டறாங்களே மாமா."

குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணாயிரத்துக்கும் மீசை துடித்தது.

"காலைலன்னா தலைவரு வரமாட்டாரே."

"வராதவரு கொடிய வர்றவங்க ஆட்டட்டும். வெயிலும் கம்மி, குதிரைக்கும் நல்லது. மதியத்துக்குள்ள முடிச்சிட்டா எல்லாரும் நிதானமா போய் கறப்பாங்க."

அந்த வருஷம் அவள் கேட்டது நடக்கவில்லை. அடுத்த வருஷம், அவள் தொல்லை தாங்காமல், "நீயே ஒரு ஞாயித்துக்கிழமைய பாத்து சொல்லு தாயீ" என்றார் கண்ணாயிரம். அவள் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்தாள், அறுப்பு இல்லாத ஞாயிறாகப் பார்த்தாள். பால் நேரத்தை நூறு தடவை யோசித்தவள் பௌர்ணமியை யோசிக்கவில்லை. குழுவில் தலையாட்டிய ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அன்று சுற்றுப்பட்டு ஊர்களின் வேன், ஆட்டோ, பஸ் எல்லாம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டன. பாதுகாப்புக்கு வரவேண்டிய போலீஸும் கிரிவலத்துக்குப் போய்விட்டது. வெளியூர்க் குதிரைகள் வழியிலேயே நெரிசலில் நின்றன. தம்பிக்கு அனுப்புவதற்காகப் படம் பிடித்துக்கொண்டு நின்ற சந்திரகலாவின் போனில் காலி ரோடு மட்டும் ஓடியது. அதை அவளே அழித்தாள்.

"மாசி மகம்மா இன்னிக்கு" என்றார் கண்ணாயிரம். "சாமியே தீர்த்தவாரிக்குப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போயிட்டாரு. நம்ம ரேஸுக்கு எவன் வருவான்?"

மலை தெரிகிற ஊரில் பிறந்து பௌர்ணமியை மறந்தவள் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாம், "கலா, இன்னிக்கு நிலா வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கை நீட்டினார்கள். "உங்க பால்ல தண்ணி வராம இருந்தா நிலாவும் வரும்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

ஆனாலும் அதற்கு அடுத்த மாசியில் அவள் மறுபடியும் ரைஸ் மில்லுக்குப் போனாள். இந்த முறை தேய்பிறை ஞாயிறு. காலைப் பால் முடிந்ததும் சொசைட்டி வரிசை கலையாமல் அப்படியே ரோட்டுக்கு நடந்தது. முதலில் போய் நின்றவள் ஆராயி என்பதால் கண்ணாயிரம் கொடியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். வயலில் புகுந்த மாட்டை விரட்டுகிற மாதிரி அவள் அதை வீசினாள்.

கோயிலிலிருந்து ஏரிக்கரை வரை இரண்டு பக்கமும் சனம். மாடிகளில் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். பெரிய குதிரைகள் தரையைக் கிழித்துக்கொண்டு வந்து கடந்தபோது ஊரே கத்தியது.

ஆராயி கொடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் பெரிய குதிரை ஓடி அவள் பார்த்ததில்லை.

"இவ்ளோ வேகமாவாடி ஓடும்? உன் தம்பியும் இப்படித்தான் ஓட்னானா?"

"தெரியாது அத்த" என்றாள் சந்திரகலா. "நானும் பாக்கல."

ஆராயி அதன் பிறகு நிலாவைப் பற்றிக் கேட்டதே இல்லை.

படம் பிடித்ததைச் சந்திரகலா அன்றே தம்பிக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை. சித்திரை வெயிலும் போனது, கார்த்திகை தீபமும் போனது. அலமாரி மேல் இருந்த கப்பை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைத்தாள்.

பொங்கல் கழிந்த ஒரு மாலை. வரிசை நீளமாக இருந்தது. மேசையில் போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு அவள் தொட்டதும் தம்பியின் வாய்ஸ் மெசேஜ் சத்தமாகவே ஓடத் தொடங்கியது. பின்னால் அலை இரைந்தது. வரிசை முழுக்கத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது.

"அக்கா, வீடியோ அன்னிக்கே பாத்துட்டேன். டெய்லி பாக்கறேன். ஆராயி அத்த இன்னா கொடிய அப்படி ஆட்றாங்க, குதிரை மெரளாதா? சிட்டுக்கு வயசாயிட்ச்சுக்கா. அதோட குட்டி ஒண்ணு இருக்குது, புதுக் குதிரைல வுடலாம்னு கூட்டினு வரேன். சாயங்காலம் நீ எத்தினி மணிக்குக்கா டிகிரி பாக்க ஒக்காருவ? அதுக்குள்ள ஓட்டி முடிச்சிடணும்."