புகைபோக்கியில் அடைத்த சாக்கு

வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மழையில், புகைபோக்கி வழியாகத் தண்ணீர் அடுப்பிலேயே சொட்டியது. என் கணவர் கூரைமேல் ஏறி அதன் வாயில் ஒரு சாக்கைத் திணித்துவிட்டு வந்தார்.

"மழை நின்னதும் எடுத்துப்போடலாம் அம்மணி" என்றார்.

நனைந்ததில் மறுநாள் அவருக்குக் காய்ச்சல். நான் கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். குளிர் தாங்காமல் அவர் கதவு, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அடுப்பில் அடுப்புக்கரியைப் பற்றவைத்துப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். விறகாக இருந்தால் புகையில் கண் எரிந்து எழுந்திருப்பார். கரியில் புகையே தெரியவில்லை.

சாயங்காலம் நான் எவ்வளவு தட்டியும் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கதவை உடைத்தார். கணவர் வாயில் நுரையோடு கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். "கரி நெருப்போட விஷக்காத்து மூளையைப் பாதிச்சிருச்சும்மா. இனி இவ்வளவுதான்" என்றார் டாக்டர். கோயம்புத்தூரிலும் அதையேதான் சொன்னார்கள். எஸ்டேட் டிராக்டர் ஓட்டியவருக்கு இன்று சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை.

இப்போது புகைபோக்கிக்கு மேலே, புகை வெளியேற இடம் விட்டுத் தகர மூடி போட்டிருக்கிறேன். உள்ளே படியும் கரியை மாதாமாதம் தட்டிச் சுத்தம் செய்கிறேன். அடுப்பு எரிந்து அணையும்வரை, எந்த மழையானாலும் கதவைத் திறந்தே வைக்கிறேன்.

"குளுருதுங்க, கதவைச் சாத்துங்க" என்று, யாரோ அயல் பெண்ணிடம் கேட்பதுபோல் அவர் என்னிடம் கெஞ்சுகிறார். நான் சாத்துவதில்லை.